வினிகர் அண்ணாச்சி கழுவிய மணல்

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் முன்பின் தெரியாத ஆளை நம்பி வாடகைக்கு வீடு கொடுப்பார்கள், பைக்கில் லிஃப்டும் கொடுப்பார்கள். ஆனால் ஒரு கூழாங்கல்லைக்கூட விசாரிக்காமல் வீட்டுக்குள் விடாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் வினிகர் அண்ணாச்சி.

நாகர்கோவில்காரர், என் பக்கத்துப் போர்ஷன். ஐடி கம்பெனியில் டெஸ்டர். அதாவது, அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்தச் சேவையை எங்களுக்கு இலவசமாகவே வழங்கிவந்தார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சின்ன வினிகர் பாட்டில் இருக்கும். அவர் வீட்டில் நான்கு மீன்தொட்டிகள். நாற்காலி ஒன்றே ஒன்று.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மனைவி செல்விக்குத் திருநெல்வேலியில் டீச்சர் வேலை. ஒருமுறை வந்தவள் ஆறு குட்டி நியான் மீன்களையும் ஒரு தொட்டியையும் வாங்கித் தந்துவிட்டுப் போனாள். “பள்ளிக்கூடம் முடிஞ்சு நான் ஒரேயடியா வரும்போது ஆறும் உசுரோட இருக்கணும். ஆறு மீனப் பாத்துக்கத் தெரியாதவங்க என்னைய எப்படிப் பாத்துக்குவீங்க?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கீழ்வீட்டு ஓனர் சேச்சி தரைவேலை முடித்தபோது மிஞ்சிய வெள்ளைக் கற்களைத் தொட்டியில் பரப்பினேன். பார்க்க அம்சமாக இருந்தது. அண்ணாச்சி உள்ளே வந்தார், ஒரு கல்லை எடுத்துத் துடைத்தார், மேலே வினிகரை விட்டார். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது.

“பாத்தீரா வே? சுண்ணாம்புக் கல்லு. தண்ணியில கரைஞ்சுகிட்டே இருக்கும். இந்த மீனுக்கு ஆவாது.”

“அப்ப என்ன அண்ணாச்சி போடணும்?”

“ஆத்து மணலு.”

ஆறு மீன்களும் வாளிக்குக் குடிபெயர்ந்தன. நானும் அண்ணாச்சியும் என் ஸ்கூட்டரில் கல்லாற்றுக்குப் போய் அரைச் சாக்கு மணல் அள்ளிவந்தோம். ஆற்றில் மணல் அள்ளத் தடை என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் இருவரைத் தவிர. வழியில் போலீஸ் ஜீப் மறித்தது.

“சாக்கில் எந்தா?”

“மணலாணு சாரே. மீனுக்கு,” என்றேன்.

“மீனு எந்தா, வீடு பணியுந்நோ?” மீன் வீடு கட்டுகிறதாம்.

விளக்கம் சொல்லியிருந்தால் போதும். அண்ணாச்சி செய்முறையே காட்ட விரும்பினார். அவர் பாட்டிலை உருவிய வேகத்தில் இரண்டு போலீஸ்காரர்களும் ஆசிட் என்று நினைத்துப் பின்னால் குதித்தார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் எங்களை விட்டார்கள். மணலை விடவில்லை.

கடைசியில் ஒரு தென்காசிக் கொத்தனார், பழைய வீட்டு வேலையில் மிஞ்சிக் கிடந்த ஆற்று மணல் கொஞ்சம் தந்தார். வினிகர் விட்டோம், குமிழ் வரவில்லை. பரீட்சையில் பாஸான மணலைச் சலித்து, தூசு ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் என்று பிரித்தார் அண்ணாச்சி. பிறகு அரிசி களைவதுபோல் களைந்து களைந்து கொட்டினார். கிணற்றடியில் சேச்சி கத்தினாள்: “அது மண்ணோ சோறோ? கிணறு இப்போ வற்றும் கேட்டோ!”

“இன்னும் இருபது தண்ணி பாக்கி இருக்கு சேச்சி,” என்றார் பணிவாக.

மறுநாள் காலை செல்வி வருகிறாள். மீதியைச் சாயங்காலம் கழுவலாம் என்று அண்ணாச்சி ஆபீஸ் போயிருந்தார். இருபது தண்ணியாவது, மண்ணாவது என்று நான் இரண்டே தண்ணியில் கழுவி மணலைத் தொட்டியில் கொட்டி, மேலிருந்து ஒரு குடம் தண்ணீரையும் கவிழ்த்தேன். தொட்டி நிறைய பால் டீ! வாளியில் ஒரு மீன் வேறு சோர்ந்துபோய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். “மணலைக் கழுவச் சொன்னா தீர்த்தம் தெளிச்சு வச்சிருக்கீரு!” என்று மட்டும் சொன்னார். வாளியில் பாதித் தண்ணீரை மாற்றினார். தொட்டியை மொத்தமாகக் காலி செய்தார். அந்த இருபது தண்ணியையும் தானே கழுவினார். மணலைப் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் மெதுவாகக் கிணற்றுத் தண்ணீரை விட்டார். ஒரு மணல்கூட எழும்பவில்லை. சாய்ந்த மீன் நிமிரும்வரை வாளியை விட்டு நகரவில்லை.

காலையில் செல்வி பையைக்கூடக் கீழே வைக்காமல் எண்ணினாள். ஆறு.

“எவ்வளவு சுத்தமா இருக்கு! யாரு செஞ்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். “எல்லாம் ஒங்க வீட்டுக்காரர்தாம்மா. ராப்பகலா உக்காந்து கழுவுனாரு. நான் சும்மா வேடிக்கதான் பாத்தேன்.”

செல்வி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் கொஞ்சமும் தகுதியானவன் இல்லை. அவள் நீட்டிய காப்பியை அண்ணாச்சி வாங்கினார். விரல்நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தது. டம்ளரின் சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அந்தக் கையை நான் ஒருமுறையாவது பிடித்திருக்கலாம்.