பன்னிரண்டு மான்களும் மூன்று சிறுத்தைகளும்

ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடப்புத்தகம். ஏற்றத்தாழ்வே கிடையாது. புத்தகத்தை எழுதியவர்கள் சிறுத்தைகள்.

வகுத்தல் பாடத்தின் முதல் கணக்கு இது: "பன்னிரண்டு மான்களை மூன்று சிறுத்தைகள் சமமாகப் பங்கிட்டால், தலைக்கு எத்தனை மான்?"

மூன்றாம் வகுப்பு மான்குட்டி செழியன், இந்த இடம் வந்ததும் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். சிறுத்தைக்குட்டிகள் சப்புக்கொட்டியபடி கணக்கைப் போட்டு முடித்துவிடுவார்கள். மான்களுக்கு வகுத்தல் வராது என்று ஆசிரியர்கள் முடிவுகட்டினார்கள்.

தலைமையாசிரியர் யானை ஒரு திட்டம் கொண்டுவந்தார். பின்தங்கிய குட்டிகளுக்கு மாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க வேண்டும். செழியனுக்கு ஒன்பதாம் வகுப்புப் புள்ளிமான் பவளக்கொடி வந்தாள்.

"எதுக்குடா ஓடுற?"

"அந்தப் பன்னிரண்டுல எங்கம்மா இருக்காங்களாக்கா?"

பவளக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வகுப்பில் அவளும் ஓடியவள்தான்.

"மானை அடிச்சிடு," என்றாள்.

செழியன் எழுந்துகொண்டான்.

"அந்த வார்த்தையைச் சொன்னேன்டா. பென்சிலால அடி. மாங்காய்னு எழுது."

எழுதினான். கணக்கு வந்தது. அடுத்ததும் வந்தது. மற்ற மான்குட்டிகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வில் மான்குட்டிகள் நூற்றுக்கு நூறு. சிறுத்தைக்குட்டிகள் வழக்கம்போல எண்பது.

மறுநாளே ஒரு தாய்ச்சிறுத்தை வந்துவிட்டாள். "எங்க பிள்ளைங்க பின்தங்கிட்டாங்க சார்."

"ஐயையோ, ஏற்றத்தாழ்வு!" என்று யானை பதறினார்.

பவளக்கொடி சிறுத்தைக்குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் குகை இருந்த மலைக்கு மாற்றப்பட்டாள். அவளுடைய பாதுகாப்புக்குத் தலைமையாசிரியர் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தனுப்பினார். அவள் குகை வாசலைத் தாண்டாமல், ஒரு காலைத் தூக்கியபடியே பாடம் நடத்தினாள்.

முழு ஆண்டுத் தேர்வில் மான்குட்டிகள் அத்தனை பேரும் வெறும் தாளைக் கொடுத்தார்கள். யானை மிகவும் வருந்தி, பவளக்கொடியைத் திருப்பி அனுப்பினார்.

"எல்லாம் மறந்துபோச்சாடா?" என்று செழியனிடம் கேட்டாள்.

"எல்லாம் தெரியும்க்கா. எழுதியிருந்தா, நீங்க அந்தக் குகையிலேயே இருந்திருப்பீங்க."

பவளக்கொடி பின்னங்கள் பாடத்தைத் திறந்தாள்.

அந்த மான்குட்டிகள் அந்தக் காட்டிலேயே அதிகம் படித்தவர்கள் ஆனார்கள். வருடம் தவறாமல் பெயிலும் ஆனார்கள்.

நீதி: நன்றாகப் படி, தேறிவிடாதே.