விபோர்க்கில ஒரு வெஸ்டர்ன் பெட்டி

நேற்று எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. விபோர்க்குப் பக்கத்தில ஒரு பண்ணை வீட்டுக்குப் போய், ஒரு டிவிடி பெட்டியை எடுத்துக்கொண்டு வாறது. அவ்வளவுதான்.

பெட்டிக்குள்ள இருந்தது ஒரு பழைய டிவி நாடகம். கௌபாய் நாடகம், வெஸ்டர்ன் எண்டுவினம், ஆனா முழுக்கச் சிரிப்பு. துவக்கை உருவினா துவக்கு கீழ விழும். ஷெரிப் ஏறினா குதிரை நிலத்தில குந்திடும். வங்கியைக் கொள்ளையடிக்கப் போறவங்கள் மரியாதையா வரிசையில நிப்பாங்கள்.

கலியாணம் முடிச்சு நான் இந்த டெனிஷ் நாட்டுக்கு, இக்காஸ்ட் எண்ட ஊருக்கு வந்த புதுசில டிவியில அதுதான் போகும். டெனிஷும் விளங்காது, இங்கிலீசும் அரைகுறை. ஆனா விழுறது எல்லா மொழியிலயும் ஒண்டுதானே! என்ர மனுசன் சோபாவில உருண்டு உருண்டு சிரிப்பார். தேத்தண்ணி மூக்கால வரும்.

அந்த மனுசன்தான் இப்ப சிரிக்கிறேல்லை. போன மார்கழி அவர் வேலை செய்த ஃபக்டரியைப் பூட்டினாங்கள். அண்டையில இருந்து சோபா, ரிமோட், பெருமூச்சு. நான் பகிடி விட்டா "ம்" எண்டுவார். உங்கட பகிடிக்கு "ம்" கூட அதிகம் எண்டு மகள் சொல்லுறாள். அது வேற கதை.

மகள்தான் நெட்டில விளம்பரத்தைக் கண்டவள். "முழுத் தொடரும் இருக்கு, சும்மா தாறன், வந்து எடுங்கோ" எண்டு ஒரு டெனிஷ்காரர் போட்டிருந்தார். மெசேஜ் போட்டன். "சனிக்கிழமை காலமை வா" எண்டு பதில்.

சனிக்கிழமை விபோர்க்கில எங்களுக்கு ஒரு சாமத்திய வீடும் இருந்தது, தெரிஞ்ச பிள்ளை ஒண்டின்ர பூப்புனித விழா. போற வழியில எடுத்திட்டா ஒரே பெற்றோல்! ஆகவே காஞ்சிபுரம் சீலை, கழுத்தில ஆரம், தலையில பிளாஸ்ரிக் மல்லிகை. முழு அலங்காரம்.

இவரிட்ட ஒண்டும் சொல்லேல்லை. சர்ப்பிரைஸ்.

"ஒரு சாமான் எடுக்கோணும், காருக்குள்ள இருங்கோ."

"ம்."

முற்றத்தில றபர் சப்பாத்தோட ஒரு மனுசி நிண்டா. பெயர் கியஸ்டன். விளம்பரம் போட்டவரின்ர மனுசியாக்கும் எண்டு நினைச்சன். அது சரிதான். அண்டைக்கு நான் சரியா நினைச்சது அது ஒண்டைத்தான்.

"நான் வெஸ்டர்ன் பொக்ஸுக்கு வந்தனான்" எண்டன், என்ர நல்ல டெனிஷில.

"ஓ, வெஸ்டர்னுக்கோ! வா வா! முந்திப் பழக்கம் இருக்கோ?"

"ஓம்! முந்தி ஒவ்வொரு கிழமையும்! நானும் மனுசனும் சோபாவில இருந்து!"

"சோபாவிலயோ?" கொஞ்சம் யோசிச்சா. "பரவாயில்லை. இருக்கத் தெரிஞ்சா மிச்சம் தானா வரும்."

என்ர சீலையை மேலயும் கீழயும் பாத்தா. "நல்ல வடிவு. ஆனா உனக்கு வசதியா இருக்குமோ?"

"பழகின உடுப்புத்தானே" எண்டன்.

ஒரு ஹெல்மெட்டைத் தந்தா. பெட்டி எங்கயோ பரணில, வைக்கோலுக்கு மேல கிடக்குதாக்கும் எண்டு நினைச்சு, மல்லிகைக்கு மேல கவிட்டன். இந்த நாட்டில பாதுகாப்பெண்டா பாதுகாப்புத்தானே!

கூட்டிக்கொண்டு போய் ஒரு கதவைத் திறந்தா. "இதுதான் உன்ர பொக்ஸ்."

உள்ள ஒரு குதிரை நிண்டுது.

சனங்களே, டெனிஷில "பொக்ஸ்" எண்டா பெட்டியும்தான், குதிரை கட்டுற அறையும்தான். எனக்கென்னெண்டு தெரியும்? நான் வேலை செய்யிறது முதியோர் இல்லத்தில. அங்க ஒருத்தரும் குதிரை வளக்கிறேல்லை!

கியஸ்டன் கௌபாய் மாதிரிக் குதிரை ஓடப் பழக்கிற ஆளாம், அந்த ஓட்டத்துக்கும் பேர் "வெஸ்டர்ன்"தானாம். அண்டைக்குப் புதுசா ஒருத்தி வர இருந்தவளாம். இதெல்லாம் பிறகு தெரிஞ்சது. அப்ப நான் நினைச்சது வேற. "நாடகத்தின்ர ரசிகை வந்திருக்கிறா, குதிரையோட ஒரு படம் எடுத்துவிடுவம் எண்டு பாக்கினம் போல. என்ன அன்பான சனம்!"

படமெண்டா நான் விடுவனோ? குதிரைக்குப் பக்கத்தில வச்சிருந்த படியில ஏறி, சீலையைச் சுருக்கிப் பிடிச்சு, மோட்டச்சைக்கிளில பின்னுக்கு இருக்கிற மாதிரி ஒரு பக்கமா இருந்தன். வடிவாச் சிரிச்சன்.

படம் எடுக்க ஒருத்தரும் இல்லை.

கியஸ்டன் குதிரையை வெளியில கொண்டுவர, அவவின்ர போன் அடிச்சுது.

"பிந்தும் எண்டு சொல்லுறியோ? நீ இஞ்ச குதிரையில எல்லோ இருக்கிறாய்?" எண்டு போனில சொன்னா. பிறகு மெதுவா என்னைத் திரும்பிப் பாத்தா. "அப்ப நீ ஆர்?"

"நான் டிவிடிக்கு வந்தனான்!" எண்டு கத்தினன்.

கத்தினது பிழை. குதிரை அதைப் "போ" எண்டு விளங்கிச்சுது.

ஓடேல்லை, நடந்துதான் போனது. ஆனா நிக்கேல்லை. கியஸ்டன் பின்னால ஓடி வாறா. நான் முற்றத்தைத் தாண்டி, எங்கட காருக்குப் பக்கத்தால, ஊர்வலம் போற மாதிரிப் போறன்.

இவர் கண்ணாடியை இறக்கினார். "இஞ்சாரும்! எங்க போறீர்?"

"எனக்கென்னெண்டு தெரியும்? குதிரையிட்டக் கேளுங்கோ!"

"சாமத்திய வீட்டுக்கு நேரம் போகுது!"

"அதையும் அதிட்டயே சொல்லுங்கோ!"

வாசலில பீற்றூட் கிழங்கு குவிச்சிருந்தது. குதிரை சாப்பிடத் தலையைக் குனிஞ்சுது. நான் அதின்ர கழுத்தால வழுக்கி, சறுக்குமரத்தில வாற பிள்ளை மாதிரிக் கிழங்குக்குள்ள போய் இருந்தன். குதிரை என்ர முந்தானையை மணந்து பாத்திட்டு, கிழங்கே மேல் எண்டு முடிவெடுத்திட்டுது.

இவர் காரால இறங்கி ஓடி வந்தார். என்னைத் தூக்கிவிட வாறார் எண்டு நினைச்சன். இல்லை, போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில நிக்கேலாமல் நிலத்திலயே இருந்திட்டார். தோள் குலுங்குது. கண்ணால தண்ணி ஓடுது.

கியஸ்டன் பயந்திட்டா. "உன்ர மனுசனுக்கு மூச்செடுக்கக் கஸ்டமோ? ஆம்புலன்ஸ் கூப்பிடவோ?"

"வேண்டாம், விடு" எண்டன். "சிரிக்கிறார்."

கிழங்குக்குள்ள இருந்தபடி கொஞ்ச நேரம் அவரைப் பாத்துக்கொண்டே இருந்தன். எழும்ப மனம் வரேல்லை. இடுப்பும் விடேல்லை.

பிறகு கோப்பி தந்து, பெட்டியையும் தந்துவிட்டினம். சாமத்திய வீட்டில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை. குதிரை மணம்.

வீட்ட வந்து ஆசையா டிவிடியைப் போட்டம். ஷெரிப் ஜேர்மன் கதைக்கிறார்! எல்லாருக்கும் ஜேர்மன் குரல் குடுத்த பதிப்பாம். கீழ எழுத்தும் இல்லை.

இவர் கொஞ்சம் பாத்திட்டு நிப்பாட்டினார். "இதைவிட நல்ல வெஸ்டர்ன் என்னட்ட இருக்கு" எண்டு போனை டிவியில பூட்டினார்.

நேற்றிலயிருந்து வீட்டில அதுதான் திரும்பத் திரும்ப ஓடுது. ஒரேயொரு எபிசோட், கதாநாயகிக்குச் சம்பளமும் இல்லை.