ஆர்மோனிய உறைக்குள் பாண்

நல்ல குரல் வாய்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. குரலோடு சேர்த்து மூளையும் தரப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். எனக்குப் பதினேழு வயதில் அந்த வியாதி முற்றியிருந்தது. கண்டியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் இளைஞர் பாட்டுக்குழுவில் நான்தான் முதல் குரல். முக்கியமான பூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே புளி, தயிர், மோர் எல்லாவற்றையும் விட்டுவிடுவேன். கழுத்தில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். (அப்பா கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும், "பிள்ளைக்குக் கழுத்துல சுளுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணி அளவு கொடுப்பார்கள்.)

அப்பா தையல்காரர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கண்டியில் கடை போட்டவர். வாரம் முழுக்க அந்தக் கடையில் உட்கார்ந்து பொத்தான் துளை தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுப்பதுதான் என் வாய்க்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலின் பாட்டுமாடியில் ஏறினால்தான் அது வேறொன்றுக்கும் பயன்படும். அந்த மாடிப்படியில் கால் வைக்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. (கல்யாணத்தன்று செருப்பு கடித்தது.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாவலப்பிட்டிக் கோயில் திருநாளுக்குப் பாட வரும்படி எங்களுக்கு அழைப்பு வந்தது. அவர்களுடைய ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்றுவிட்டதாம். ஆர்மோனியத்தோடு வாருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பையன்கள் போவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பெண்கள் நாங்கள் ஆறு பேர் ரயிலேறிப் போய் இன்னொரு ஊர்க் கோயிலில் பாடுவது என்பது அதுவரை எங்கள் பங்கில் நடந்ததில்லை. எங்கள் பாட்டு மாஸ்டர் இம்மானுவேல், யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். அவர்தான் எங்களுக்காகப் பங்குச் சுவாமியாரிடம் போய் நின்றார். சுவாமியார் வெள்ளைக்காரர். புத்தகம் படித்துத் தமிழ் கற்றவர், அதனால் அவர் கோபப்பட்டாலும் இலக்கணம் பிசகாது.

"போகட்டும்," என்றார். "ஆனால் ஒரு குறை என் செவியில் விழுமானால், பெண்பிள்ளைகள் மாடியை விட்டு இறங்கிக் கீழே அமர்ந்து செபமாலை சொல்லலாம். அதுவும் நல்ல காரியமே."

குறையை அவர் செவிக்குக் கொண்டுபோவதற்காகவே எங்களோடு கத்தரீனம்மாவை அனுப்பினார். அவர் கோயிலில் பூ வைக்கிற விதவை. ஊரில் எந்தப் பெண் எந்த ஜன்னலில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவருக்குத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. ஆகவே நாங்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு விடியற்காலை கண்டி ஸ்டேஷனில் நின்றோம். பூசை முடிந்ததும் சாப்பிடுவதற்காகப் பேக்கரிக்காரர் ஒரு மரப்பெட்டி நிறையப் பாண் ரொட்டி கொடுத்தனுப்பியிருந்தார். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது. பையன்களை நம்பி அதை விட முடியாது என்று மாஸ்டர், பாண் பெட்டியையும் ஆர்மோனியப் பெட்டியையும் பெண்கள் பக்கத்தில் வைத்துவிட்டு டிக்கெட் எடுக்கப் போனார்.

சூடான பாணின் வாசம் உங்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றில் தெரியுமா என்பதுதான் கேள்வி. கத்தரீனம்மா காலைச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் அவருடைய வயிறுதான் முதலில் பதில் சொன்னது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஆர்மோனியப் பெட்டிக்கு அப்பா ஒரு உறை தைத்துக் கொடுத்திருந்தார். உள்ளே பஞ்சு வைத்து, மேலே சிவப்பு வெல்வெட்டு, நடுவில் மஞ்சள் நூலில் சிலுவை. மழை இறங்காது, காற்று புகாது. காற்று புகாது என்றால் வாசமும் வெளியே வராதே. நான் உறையைக் கழற்றிப் பாண் பெட்டிக்கு மாட்டினேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. வாசம் நின்றுவிட்டது.

"மூளைக்காரிடி நீ," என்றார் கத்தரீனம்மா. அந்த வாயிலிருந்து ஒரு பெண் பிள்ளைக்குப் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேராதனைச் சந்தியில் ரயில் மாற வேண்டும். எங்கள் ரயில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மறு பக்கத்தில் மலைக்குப் போகிற ரயில் ஊதிக்கொண்டு நின்றது. மாஸ்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பையன்களிடம் சத்தம் போட்டார்.

"உறை போட்ட பெட்டிய மட்டும் தூக்குங்கோ. பாண் அடுத்த ரெயில்ல வரட்டும். நான் போட்டரிட்ட சொல்லிப்போட்டு வாறன்."

அந்தக் கட்டளை என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் நான் அப்போது முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியபடியே, பூசையில் முதலில் பாட வேண்டிய இரக்க மன்றாட்டுப் பாட்டின் கடைசி வரியில் மேலே போகிற இடத்தை மனதுக்குள் பாடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கத்தரீனம்மா ஓடினார். அவருக்கும் காது இருந்தது. இதை நான் பிற்பாடு பலமுறை நினைத்து ஆறுதல் அடைந்திருக்கிறேன்.

உறை போட்ட பெட்டியைத் தூக்கியவன் சவரிமுத்து, பேக்கரிக்காரரின் மகன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் குரல் உடைந்து தகரம்போல் ஆனது. பாட்டுக்குழுவை விட்டு நிறுத்த மாஸ்டருக்கு மனமில்லை. "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்," என்று சொல்லிவைத்திருந்தார். சவரி அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பக்தியோடு வாயை அசைத்து வந்தான். நாங்கள் பெண்கள் அவனுக்கு மீன் என்று பேர் வைத்திருந்தோம். (பேர் வைத்தது நான்தான். சொல்லாமல் விட்டால் அவரே சொல்லிவிடுவார்.)

"பெட்டி இன்னிக்கு லேசா இருக்கே," என்று சவரி சொன்னானாம். "திருநாள் உற்சாகம்டா," என்றானாம் இன்னொருவன். அவ்வளவு கிட்டத்தில் தூக்கியும் கொஞ்சம்கூட வாசம் வரவில்லையா என்று பிற்பாடு கேட்டோம். பாண் வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்கு உலகமே அந்த வாசம்தான்.

நாவலப்பிட்டிக் கோயில் நிறைந்து வழிந்தது. ரயில்வேக்காரர்கள், கடைக்காரர்கள், தோட்டங்களிலிருந்து மழையில் நடந்து வந்த குடும்பங்கள். நாங்கள் பாட்டுமாடியில் ஏறி வரிசையாக நின்றோம். கீழே பீடத்தில் மெழுகுதிரிகள் ஏற்றியாயிற்று. மாஸ்டர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு உறையைக் கழற்றினார். மூடியைத் திறந்தார்.

பாண். பளபளவென்று, வரிசையாக, நெருக்கமாக.

மாஸ்டர் பாணைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் பாணைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பாண், மாஸ்டர்," என்றேன் நான்.

"அது தெரியுது பிள்ளை. ஏன் பாண் எண்டு கேக்கிறன்."

சொன்னேன். வாசம், வயிறு, உறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. எங்கள் ஆறு பேருக்காகவும் சுவாமியாரிடம் வாக்குக் கொடுத்த மனிதர். எனக்கு அந்த நேரத்தில் செபமாலை தெரிந்தது, கீழே உட்காரப் போட்டிருக்கிற வாங்கு தெரிந்தது, சாகும்வரை பொத்தான் துளை தெரிந்தது.

கத்தரீனம்மா முன்னால் வந்தார். மூடியைச் சாத்தி, உறையை இழுத்து விட்டு, பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பூசை முடியும்வரை அவர் அதை விட்டு எழுந்தது நன்மை வாங்குவதற்கு மட்டும்தான்.

கீழே மணி அடித்தது.

"ஆர்மோனியம் இல்லாட்டிப் பரவாயில்ல," என்றார் மாஸ்டர், தனக்குத்தானே சொல்வதுபோல. "சுருதி ஆர் தாறது?"

"நான் தர்றேன் மாஸ்டர்," என்றேன். செய்த பிழையை ஈடுகட்டத் துடிக்கிறவளைப்போல ஆபத்தானவள் உலகத்தில் கிடையாது.

தொடங்கினேன். பயத்தில் தொடங்கினேன், பசியில் தொடங்கினேன், எங்கே தொடங்க வேண்டுமோ அதற்கு நாலைந்து படி மேலே தொடங்கினேன். முதல் வரி நன்றாகவே போயிற்று. சொர்க்கமே திறந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் பையன்கள் நாடியை உயர்த்தினார்கள். மூன்றாவதில் நுனிக்காலில் நின்றார்கள். பாட்டு ஏற ஏற, மலை ரயிலிலிருந்து பெட்டி கழன்று விழுவதுபோல ஒவ்வொரு குரலாகக் கழன்றது. கடைசி வரியின் உச்சிக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். என்னோடு யாரும் இல்லை.

உச்சியில் நான் வாயைத் திறந்தேன். வந்தது பாட்டு இல்லை. கதவுக் கீல் எண்ணெய் கேட்கிற சத்தம். அதுவும் நின்றது.

கோயில் முழுவதும் அமைதி. கீழே நாலைந்து தலைகள் மேலே திரும்பத் தொடங்கின. மாஸ்டரின் கை காற்றிலேயே நின்றது. கத்தரீனம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் விட்ட அதே சொல்லில், ஆனால் வெகு கீழே, நிதானமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. அப்படியொரு குரலை எங்கள் குழுவில் நாங்கள் கேட்டதே இல்லை. யார் என்று பார்த்தால், மீன். வாயை அசைத்துக்கொண்டிருந்தது, சத்தமும் வந்துகொண்டிருந்தது. உடைந்த குரல் எப்போதோ ஒட்டிக்கொண்டு இப்படி ஆகியிருந்திருக்கிறது. சொன்ன சொல் தவறாதவன் ஆகையால் அவன் அதை யாருக்கும் கேட்கவிட்டதில்லை.

அவன் பிடித்துக் கொடுத்த இடத்தில் பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு பெண்கள். கடைசியாக நானும், அடக்கமாக. பாட்டு இறங்கி வந்து முடிந்தது. மேலே திரும்பிய தலைகள் பீடத்துக்குத் திரும்பின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது பசியால் வந்தது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்த பாட்டுக்கு மாஸ்டர் பின்வரிசையைப் பார்த்து, "சவரி, நீ தொடங்கு," என்றார்.

"மாஸ்டர், நீங்க என்னைய வாய மட்டும் அசைக்கச் சொன்னீங்களே."

"அது அப்ப. இப்ப தொடங்கு."

பூசை முடிந்ததும் நாவலப்பிட்டிச் சுவாமியார் படியேறி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பெண் குரல் ஒன்று தனியாக உயர்ந்து, தவித்து, நின்றுபோக, மன்னிப்புப் போல ஓர் ஆண் குரல் கீழிருந்து பதில் சொன்னதே, அப்படியொரு இரக்க மன்றாட்டை அவர் எங்கும் கேட்டதில்லையாம். இது எந்தத் தேசத்து முறை என்று கேட்டார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "கண்டி முறை, சுவாமி," என்றார்.

ஆர்மோனியம் அடுத்த ரயிலில் பத்திரமாக வந்தது. பாண் வருகிறது என்று சொல்லிவைத்திருந்ததால் ஸ்டேஷனிலிருந்து அதை நேரே கோயில் பின்கட்டுச் சமையலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்துக்கொண்டு, கையில் பாண் கத்தியோடு பெட்டியைத் திறந்த அம்மா ஒருத்தர் அதிலிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டைகளைப் பார்த்துவிட்டு, "கண்டிப் பாணு இப்படியா இருக்கும்?" என்று கேட்டாராம்.

திரும்பி வந்த மறுநாள் கத்தரீனம்மா பங்குச் சுவாமியாரிடம் போனார். நாங்கள் ஆறு பேரும் கோயில் வாசலில் நின்றோம். கத்தரீனம்மா நினைத்தால் ஒரே வார்த்தையில் எங்களை மாடியிலிருந்து இறக்கிவிடலாம்.

"எப்படிப் பாடினார்கள்?" என்று சுவாமியார் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"நல்லாப் பாடுனாங்க சாமி. அந்த ஊரு சாமியாரே படியேறி வந்து பாராட்டுனாரு."

"குறை ஏதும் உண்டா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சாமி. அடுத்த தடவ பாணு பெட்டிக்கும் ஒரு உறை தைச்சுக் குடுத்துரணும்."

அப்பா தைத்துக் கொடுத்தார், நீல நிறத்தில். நாங்கள் மாடியிலேயே இருந்தோம். கத்தரீனம்மா இறந்தபோது அவர் அடக்கப் பூசைக்கு நாங்கள் ஆறு பெண்களும் மாடியில் நின்று பாடினோம். அன்றைக்கு எனக்குச் சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. அவருக்கு நான் பட்ட கடனில் அது ஒரு பங்குதான்.

சவரிமுத்துவைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன் என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். மாஸ்டர்தான் அப்பாவிடம் வந்து பேசினார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பாண் வாங்கி வந்தால், பொதியைப் பிரிக்கும் முன் பிள்ளைகளில் யாராவது, "பொறுங்க, முதல்ல சுருதி பாத்துக்கிறோம்," என்று தட்டிப் பார்ப்பார்கள். நான் சண்டையில் குரலை உயர்த்தினால், "அம்மா, கீழ தொடங்குங்க," என்பார்கள். என் வீட்டுக்காரர் அந்தச் சண்டைகளில் மாஸ்டரின் பழைய கட்டளைக்குத் திரும்பிவிடுவார்.

போன கிறிஸ்துமசுக்கு எங்கள் மூத்தவள் முதன்முதலாகத் தனியாகப் பாடினாள். அதே மாடி, அதே படி. அவள் கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. அவர் குனிந்து அவள் காதில் சொன்னார்.

"கீழ தொடங்கு மகளே. உச்சியில போய் நின்னுக்கிட்டா, கூட வர ஒரு ஆளு கிடைக்காது."

"எனக்குக் கிடைச்சாரே," என்றேன் நான்.

அவர் பதில் சொல்ல வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை.