இஞ்சினியர் தலையில் ஏறிய புல்லுக்கட்டு

தென்காசி வட்டாரத்தில் தூக்குக்குண்டு அண்ணாச்சியைப் போலக் கோணலைச் சகிக்காத மனிதர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கள் மராமத்து ஆபீஸ் மேஸ்திரி. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற, நூல் கட்டிய இரும்புக்குண்டு எப்போதும் அவர் மடியில் இருக்கும். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டப் போகிற நேரம், பந்தல்காலில் அதைத் தொங்கவிட்டு, "ஒரு விரக்கடை சாஞ்சிருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுத்தார்கள். பந்தல்கால் நிமிர்ந்த பிறகுதான் கெட்டிமேளம்.

ஐம்பதுகளின் கடைசியில், சிற்றாற்றின் மேல் இருந்த பழைய கல்பாலம் வெள்ளத்தில் விரிசல் கண்டது. வண்டிகளுக்கு வேறு பாலம் வந்துவிட்டதால், அதன் பக்கத்திலேயே ஆள் நடக்க மட்டும் புதுப் பாலம் என்று முடிவாயிற்று. பட்டணத்திலிருந்து வந்த இளம் இஞ்சினியர் மூன்றடி அகலம் போதும் என்றார். படம் வரைந்தவன் நான்.

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். "ஏலே, இது பாலமா, நாடாவா?"

மறுநாள் பழைய பாலத்தின் மேல் மூன்றடி இடைவெளி விட்டு இரண்டு கயிறு கட்டினார். இஞ்சினியரை ஒரு முனையில் நிறுத்தி, "கோவிச்சுக்கிடாதீங்க ஐயா" என்று ஒரு புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிவிட்டார். எதிர்முனையிலிருந்து புல்லறுக்கிற இசக்கியம்மா தன் கட்டோடு வந்தாள். நடுப்பாலத்தில் இரண்டு கட்டும் முட்டிப் பின்னிக்கொண்டன. இஞ்சினியரின் மூக்குக்கண்ணாடி புல்லுக்குள் போய்விட்டது.

"ஐயா, ஒண்ணு பின்னால போங்க, இல்லாட்டி ஆத்துல குதிங்க. எம் மாடு பசியில கத்துது" என்றாள் இசக்கியம்மா.

அவர் பின்னோக்கியே நடந்து கரை சேர்ந்தார். அண்ணாச்சிக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். இஞ்சினியரோ காதிலிருந்து புல்லை எடுத்தபடி கேட்டார்: "எத்தனை அடி வேணும், மேஸ்திரி?"

"ஆறு."

அன்றே ஆறடியாக வரைந்தேன்.

புதுப் பாலத்தில் ஜனங்கள் நடக்கத் தொடங்கிய பிறகே பழையதை இடிக்க விட்டார் அண்ணாச்சி. கடப்பாரை போடுமுன் பழைய தூணில் குண்டைத் தொங்கவிட்டு வெகுநேரம் பார்த்தார். "எவன்லே கட்டுனான்! ஒரு நூல் பிசகல." தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தூணைப் பார்த்துக் கும்பிட்டார். கலெக்டர் வந்தபோதுகூட அவிழாத துண்டு அது.

பிரித்த கற்களை என்ன செய்வது என்று இஞ்சினியர் கேட்டார்.

"கரையில துவைகல்லாப் போட்டுருவோம், ஐயா. இத்தன வருசம் நின்னுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்சம் படுத்துக் கெடக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. "வாங்க அண்ணாச்சி, காப்பி குடிப்போம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது.