பூட்ஸுக்குப் பொறாமை

நாய் பூட்ஸின் வாயில் மூன்று இறகுகள் ஒட்டியிருந்தன. அந்த இறகுகளுக்குச் சொந்தக்காரியான ரீற்றா என்ற கோழி மரியகொறற்றியின் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உங்கட நாய் செய்திருக்கிற வேலையைப் பாருங்க," என்றாள் அவள்.

நேற்று வரைக்கும் அது 'எங்கட நாய்'. அவள் கணவர் ஒஸ்வால்ட் அதைக் கவனித்தார்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுப் பின்முற்றத்துக்குக் கோழிகள் வந்து பத்து நாள்தான் ஆகிறது. நீர்கொழும்பில் இருக்கும் மரியகொறற்றியின் தங்கை நான்கு கோழிகளைக் கொடுத்தனுப்பியிருந்தாள். மரியகொறற்றி நான்குக்கும் தன் பள்ளித் தோழிகளின் பெயரை வைத்துவிட்டாள். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்த ஒஸ்வால்டுக்கு, இனிப் பகல் முழுக்க மனைவியோடு கதைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஓர் எண்ணம் இருந்தது. அவள் கதைத்தாள்தான். ரீற்றாவோடு.

"பூட்ஸுக்குப் பொறாமை," என்றார் அவர். "ஏழு வருஷமா அவன்தானே இந்த வீட்டில செல்லம். திடீரெண்டு நாலு பேர் வந்து நிண்டா மனசு நோகாதா?"

"நொந்தா நோகட்டும். நீங்க அவனைப் பழக்குங்க. இல்லாட்டி முகத்துவாரத்தில உங்கட தம்பி வீட்டில கொண்டுபோய் விட்டுடுவன்."

சொன்னால் செய்கிறவள். ஒஸ்வால்ட் அன்றே போனை எடுத்து, நாய் பழக்கும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார்.

முதல் பாடம் லேசானது. நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். சும்மா இருந்தால் ஒரு பிஸ்கட். உட்கார்ந்தார். மரியகொறற்றி சுடச்சுடச் சோற்றைப் பிசைந்து, "சாப்பிடுங்கடி, தங்கங்கள்" என்று கூட்டுக்குள் வைத்தாள். அவருக்கு அன்று காலையில் கிடைத்தது பாணும் முதல் நாள் பருப்பும். அவர் கூட்டை ஒரு பார்வை பார்த்தார். பூட்ஸ் சங்கிலியோடு பாய்ந்தது. கூட்டின் கதவு கழன்று விழுந்தது.

கூடு திருத்தும்வரை கோழிகள் ஹாலுக்குக் குடிவந்தன. அங்கே ஒஸ்வால்டின் சாய்மனைக் கதிரை லூசி என்ற கோழிக்குப் பிடித்துப்போயிற்று.

"எழுப்பிப்போடாதீங்க, முட்டை இடப்போறா."

அவர் நின்றுகொண்டே பேப்பர் வாசித்தார். காலடியில் பூட்ஸ் உறுமியது.

அடுத்த பாடம் வாசனை. எசமானின் உடுப்பில் கோழிகள் படுத்தெழும்பினால், நாய் அவற்றையும் குடும்பமாக எண்ணுமாம். ஒரு பழைய பனியனைக் கொடுக்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். அதற்குள் மரியகொறற்றி அவர் இடுப்பில் கட்டும் நீலக்கட்டம் போட்ட சாரத்தை எடுத்து விரித்துவிட்டாள்.

"கொறற்றி, அது கல்யாண நாளுக்கு நீ வாங்கித் தந்த சாரம்."

"ஓம், நல்ல மெத்தெண்டு இருக்கும். பிலோவுக்குக் கால் நோகாது."

அன்று மத்தியானம் பூட்ஸ் பிலோவை மதில்வரைக்கும் துரத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்வால்ட் பூசைக்குத் தனியே போனார். ரீற்றாவுக்குச் சுகமில்லை என்று அவள் நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது ரீற்றா அவள் மடியில் படுத்திருந்தது. பூட்ஸ் அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நேரே மடிமேல் பாய்ந்தது. அவளுடைய கவுன் கிழிந்ததுதான் மிச்சம்.

மறுநாளே தெஹிவளையிலிருந்து ஷெரோமி என்ற பெண்ணை அழைத்தாள் மரியகொறற்றி. நாய்களைப் பழக்குவதுதான் ஷெரோமியின் தொழில்.

"அவனுக்குப் பொறாமை, பிள்ளை," என்று ஒஸ்வால்ட் விளக்கினார். "சாப்பாடு அதுகளுக்கு, கதிரை அதுகளுக்கு, கவனிப்பெல்லாம் அதுகளுக்கு. பாவம், அவன் என்ன செய்வான்?"

"பூட்ஸுக்குக் கதிரை இருந்ததா, அங்கிள்?"

ஒஸ்வால்ட் தன் சாய்மனைக் கதிரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கடைப் பக்கம் போயிட்டு ஒரு அரை மணித்தியாலம் கழிச்சு வாங்க," என்றாள் ஷெரோமி.

போனார். ஒரு றாத்தல் பாணை வாங்கிக்கொண்டு திரும்பினார். கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். பூட்ஸ் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. லூசி அதன் முதுகில் ஏறி நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது. மரியகொறற்றி அந்த இரண்டு பேரையும் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டான். இனி இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஜீவன் இல்லை.

முகம் கறுத்துப்போய்க் கேட்டைத் தள்ளினார்.

பூட்ஸ் தலையைத் தூக்கியது. அவர் முகத்தைப் பார்த்தது. அடுத்த நிமிஷம் லூசி ஹாலுக்குள் பறந்தது, பூட்ஸ் அதற்குப் பின்னால்.

ஷெரோமி தன் சாமான்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அன்ரி, பூட்ஸ் அங்கிள்ட முகத்தைப் பார்த்துத்தான் பாயுது, அதனால பழக்க வேண்டியது அவரைத்தான், ஆனா நான் நாய்களை மட்டும்தான் பழக்கிறனான்."