துன்னுட்டு வந்து ஒக்காருங்க சார்

மனிதரைப் பார்த்ததும் பெயர் கேட்பவர்கள் உண்டு, ஊர் கேட்பவர்கள் உண்டு, சம்பளம் கேட்பவர்களும் உண்டு. எடையைக் கேட்டவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான்: சித்தூர் வெல்ல மண்டியின் தராசு நைனா. கேட்பார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அவரே சொல்லிவிடுவார்.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா; மண்டியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மண்டி மின் தராசுக்கு மாறி வெகுநாள் ஆன பிறகும், உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய பழைய பெரிய தராசை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். உலகமே அவருக்கு மூட்டைக் கணக்குதான். ஒரு கல்யாணத்தில் மேடையேறி மொய்க் கவரைக் கொடுத்தவர், மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "பொண்ணு அர மூட்ட, நீ ரெண்டு மூட்ட. வண்டியில பின்னால மட்டும் ஒக்காராத நைனா, குதிர மாதிரி எழுந்து நின்னுடும்" என்றார். ஒரு சாவு வீட்டில், "இவர தூக்க நாலு பேரு போதும்" என்றதோடு நிறுத்தியிருக்கலாம். மூலையில் அழுதுகொண்டிருந்த மைத்துனரைக் காட்டி, "அவருன்னா எட்டு பேரு. இப்பவே சொல்லி வச்சிக்கோங்க" என்றார். மைத்துனர் அழுகையை நிறுத்திவிட்டார்.

நான் ரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். திருப்பதியில் ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைக் குழந்தைகளின் வைத்தியத்துக்குப் பணம் திரட்டும் ஒரு சின்னக் கமிட்டிக்குச் செயலாளர். அழகான தமிழில் ஒன்று, அழகான தெலுங்கில் ஒன்று என்று வேண்டுகோள் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தோம். ஊரார் அதில் பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுத்தார்கள்.

அப்போதுதான் தராசு நைனா கமிட்டிக்குள் நுழைந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வெல்லம் இறக்கப் போனவர், ஒரு தாய் வேண்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறார்: பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்கு எடை கோயிலில் வெல்லம் தருகிறேன் என்று.

"அந்தக் கொழந்த கோழி எடகூட இல்ல சார். சாமிக்கே கட்டுப்படி ஆவாது. ஒக்கார வைக்கறதுன்னா உங்கள மாதிரி ஆளுங்கள ஒக்கார வைக்கணும்" என்றார் என் வயிற்றைப் பார்த்து.

திட்டம் எளிமையானது. பெரிய மனிதர் ஒரு தட்டில் உட்கார வேண்டும். தன் எடைக்கு எடை வெல்லம் வாங்கி மறு தட்டில் வைக்க வேண்டும். அந்த வெல்லம் அங்கேயே ஏலம் போகும், பணம் குழந்தைகளுக்கு. நைனாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. எடை நாள் காலையில் எல்லோருக்கும் போன் செய்து, "துன்னுட்டீங்களா? துன்னுட்டு வந்து ஒக்காருங்க" என்பார்.

"பெரிய மனுஷங்கய்யா. சாப்பிட்டீங்களான்னு கேளுங்க" என்று திருத்தினேன்.

"ஏன் சார், பெரிய மனுசங்க துன்ன மாட்டாங்களா?"

முதல் வருடம் பிரமாதமாக நடந்தது. அடுத்த வருடம் வெல்ல விலை ஏறியது. இனி வருவதை எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எடை நாளுக்கு முன்பு நான் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன். அதுவரை சாமிக்காகக்கூட நடந்து ஏறாத திருமலையை இரண்டு கிலோ குறைவதற்காக நடந்து ஏறினேன். தலைமுடியும் எடைதானே என்று மொட்டையும் போட்டுக்கொண்டேன். இதைப் பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்புபோல முன்கூட்டியே கமிட்டியில் சொல்லிச் சிரித்திருந்தேன். சிரித்தவர்கள் எல்லோரும் என்னோடு மலையேறிவிட்டார்கள்.

அந்த வருடப் பணம் ரம்யாவுக்கு. பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கூலிக்காரரின் ஆறு வயது மகள். இதயத்தில் ஓட்டை. சிகிச்சை இலவசம், ஓட்டையை அடைக்கும் கருவிக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். தேதி கொடுத்தாயிற்று, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் மண்டியில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வெல்லக் கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். சந்தனம் பூசி வரிசையாக வந்த எங்களைப் பார்த்ததும், "ஐ, அஞ்சு தேங்கா!" என்று கத்தினாள்.

தராசு நைனா சிரிக்கவில்லை. "இன்னா சார், கமிட்டி மொத்தமும் மொட்டையா?"

"வேண்டுதல்" என்றேன்.

எங்கள் ஐவரில் முதலில் ஏறியவர் கார்வேட்டிநகரம் ரைஸ்மில்காரர். சங்கிலி, வாட்ச், பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் கழற்றினார். கடைசியில் பல் செட்டையும் கழற்றி மனைவியிடம் நீட்டினார். "அதயும் வச்சிக்கினா இன்னா சார், அரைக்கட்டி வெல்லம் கூடுமா?" என்றார் நைனா. மில்காரர் பதில் சொன்னார். பல் இல்லாததால் யாருக்கும் புரியவில்லை.

ஐந்து பேரும் ஏறி இறங்கினோம். ஏலம் முடிந்தது. பணம் போதவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரம்யாவின் அப்பா மெதுவாக என்னிடம் வந்தார்.

"பரவால்ல சார். வேற தேதி கேட்டுக்கினா குடுப்பாங்க இல்ல?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் தராசு நைனா தட்டில் ஏறி உட்கார்ந்தார். முருங்கைக்காய் மாதிரி ஆள். தட்டு டங்கென்று தரையில் இடித்தது. மறு தட்டில் வெல்லம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. மில்காரரைத் தாண்டியும் நைனா எழும்பவில்லை.

"எல்லாத்தயும் என் கூலில புடிச்சிக்கோ" என்றார் மண்டி முதலாளியிடம்.

விஞ்ஞானி சும்மா இருப்பேனா? "இது ஏமாத்து!" என்று கத்தி அவர் வேட்டி மடியைப் பிடித்து இழுத்தேன். எடைக்கற்கள் கணகணவென்று தரையில் உருண்டன. ஒன்று என் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது.

"ஆமா சார், ஏமாத்துதான்" என்றார் நைனா, உட்கார்ந்தபடியே. "நீங்க கொறைச்சி ஏமாத்தினீங்க, நான் ஏத்தி ஏமாத்தினேன். எந்த ஏமாத்துல கொழந்த பொழைக்கும், சொல்லுங்க."

விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி விரலில் மட்டும் இல்லை.

மில்காரர் பல் செட்டை வாங்கி மாட்டினார். "இந்தப் பக்கம் டிபன் கடை எங்க இருக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் கடைக்காரர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். ஐந்து மொட்டைகள் வரிசையாக உட்கார்ந்து இட்லி, பொங்கல், வடை, மறுபடி இட்லி. பின்னால் நைனா நின்றுகொண்டு, "துன்னுங்க சார், வெக்கப்படாதீங்க! ஏமண்டி, சாருக்கு இன்னொரு பொங்கல்!" இரண்டாம் எடைக்கு மில்காரர் சங்கிலி, பெல்ட்டோடு யாருடைய ஹெல்மெட்டையோ மாட்டிக்கொண்டு ஏறினார். பேங்க் மேனேஜர் ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஏறியபோது சங்கிலி முனகியது. ரம்யா கைதட்டினாள். பணம் சேர்ந்துவிட்டது. நைனாவின் கூலியை யாரும் தொடவில்லை.

ரம்யா இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடுகிறாள். தராசு நைனாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகளோடு இருக்கிறார். அங்கேயும் ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்து மூட்டை சொல்கிறாராம். எடை நாள் காலையில் மட்டும் போன் தவறாமல் வரும்.

இந்த வருடமும் வந்தது. நான் வேட்டி மடியில், என் விரலில் விழுந்த அதே எடைக்கல்லைச் செருகிக்கொண்டிருந்தேன்.

"சார், துன்னுட்டீங்களா?"

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் வாயில் அப்படித்தான் வந்தது.

"துன்னுட்டேன், நைனா."