ரிவர்ஸ் விழாத வாடகைக் கார்

பல்லடம் ரோட்டில் தனியார் பஸ்களுக்கு நடுவே கார் ஓட்டிப் பிழைத்தவன் உலகத்தில் எங்கும் ஓட்டலாம் என்று நான் நம்பினேன். அதுவும் ஃபேக்ஸ் அடித்து அறிவிக்கும் அளவுக்கு. தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் டி-சர்ட்டுகளை வாங்குவதற்கு முன் பார்க்க, தன் ஊருக்கே கூப்பிட்டிருந்த இத்தாலிக்கார பையர், "ஸ்டேஷனுக்குக் கார் அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தார். "வேண்டாம், நாங்களே ஓட்டி வருகிறோம்" என்று பதில் போட்டேன். (பனியன் கம்பெனி மொதலாளிக்கு ஒரு கெத்து வேண்டாமா?)

கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. சாம்பிள் பெட்டியைத் தூக்கவும், இங்கிலீஷ் பேசவும். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் எங்கள் மெஷின்கள் அந்த சீசன் முழுக்கப் போர்வை போர்த்தித் தூங்க வேண்டியதுதான்.

வாடகைக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். கியர் மாற்றப் போன என் இடது கை ஒவ்வொரு முறையும் கதவை அடித்தது. இன்டிகேட்டர் என்று நினைத்துத் தட்டியது வைப்பர். கொளுத்தும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வளைவு வளைவாக ஏறினேன். வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் கடல். (பார்க்கவில்லை. பார்க்காமலே வியர்த்தது.)

பையர் வீடு இருந்த மேட்டுக்குக் கீழே, கடைசி வளைவில், எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. நான்தான் பின்னால் போக வேண்டும். கியர் கம்பியை இழுத்தேன், அமுக்கினேன், கெஞ்சினேன். ரிவர்ஸ் விழவில்லை.

"ஏனுங்க மாமா, பின்னால எடுங்க!"

"எடுக்கறதுக்கு கியரே இல்லியே மாப்ள!"

பஸ் டிரைவர் இறங்கி வந்து கத்தினார். பாஷை புரியவில்லை. ஆனால் அந்தத் தொனியைப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கிறேன். பின்னால் ஊரே ஹார்ன் அடித்தது.

"நேரமாச்சுங்க மாமா. நான் முன்னால போறன், நீங்க மெதுவா வாங்க." மாப்பிள்ளை இறங்கினான். பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரனிடம் ஏதோ சொல்லி ஏறிக்கொண்டான். சாம்பிள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பனியன் மூட்டையோடு மொபெட்டில் போகிற மாதிரியே போய்விட்டான்.

கடைசியில் பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கியர் கம்பியில் இருந்த ஒரு வளையத்தை இரண்டு விரலால் தூக்கினார். ரிவர்ஸ் விழுந்தது. காரையும் அவரே ஒதுக்கிக் கொடுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வாசலுக்கே சிரித்துக்கொண்டு வந்தான். "ஆர்டர் கெடைச்சிருச்சுங்க மாமா!" கட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நுழையப் போன என் கையைப் பிடித்தான்.

"செத்த நேரம் வெளியவே இருங்க. பால்கனியில இருந்து அத்தனையும் பார்த்துட்டாரு. 'யாரு அந்தக் கிறுக்கன்'னு கேட்டாரு. நம்ம டிரைவருன்னு சொல்லிப்போட்டனுங்க."

"அப்ப மொதலாளி யாரு?"

"சும்மா, பேச்சுக்கு நான்னு சொன்னேன். மொதலாளிக்கே காரோட்டத் தெரியலீன்னா ஆர்டர் குடுப்பானுங்களா?"

எவ்வளவு விவரமான பையன் என்று மெச்சினேன். பையர் காபி அனுப்பினார். காரில் உட்கார்ந்து குடித்தேன்.

இன்றும் எங்கள் ஊட்டு விசேஷங்களில் மாப்பிள்ளையின் பிள்ளைகள் என்னை 'டிரைவர் மாமா' என்றுதான் கூப்பிடுகின்றன. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் என் மனைவி.

நடந்தது இதுதான்: அடுத்த சீசன் ஆர்டர் ஃபேக்ஸ் அவன் பெயருக்கு வந்தது. அதற்கடுத்த சீசன் அவன் தனிக் கம்பெனி தொடங்கினான், பையர் அவனோடு போனார். என் மெஷின்களில் இப்போது ஓடுவது அவன் கூலிக்குத் தைக்கக் கொடுக்கும் ஜாப் ஒர்க்.